தொலைபேசியில் மட்டும் பத்திநாதர்

பத்திநாதர் அண்ணையை அவருடைய மனைவியிடமிருந்து பிரித்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, "றொசானா, நீ அதை மறைச்சுப்போட்டாய்" என்று சொல்லக்கூடாது. மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. என்னுடைய குறையே வேறு. என் வாயில் எதுவும் தங்காது.

அண்ணைக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. சொந்த இடம் மன்னார்ப் பக்கம். கனடாவில், மொன்றியல் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிடங்கில் இருபத்தேழு வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அவரும் மனைவி இமெல்டா அக்காவும் இருந்தார்கள். இரண்டாம் மாடியில் நான். சாதுவான மனிதர். ஞாயிறு பூசைக்கு ஒருநாளும் பிந்தமாட்டார். யாருடைய வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குவது என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். அவரிடம் ஒரேயொரு கெட்ட பழக்கம் இருந்தது. பேய்ப்படம்.

இப்போது வருகிற படங்களை அவர் திரும்பியும் பார்க்கமாட்டார். அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்காரர் எடுத்த பேய்ப்படங்கள், வானத்திலிருந்து ஏதாவது வந்து விழுகிற படங்கள், இவைதான் வேண்டும். வரவேற்பறையில், மடு மாதா படத்துக்கு நேர் கீழே, ஒரு அலுமாரி நிறைய அடுக்கி வைத்திருந்தார். முதலில் வீடியோ கசற், பிறகு டிவிடி. அந்த அலுமாரியைக் கடக்கும்போதெல்லாம் நான் சிலுவை போட்டுக்கொள்வேன். "கடிக்காது, றொசானா. மூடித்தான் வைச்சிருக்கிறன்" என்று சிரிப்பார்.

அவர் வற்புறுத்தி நானும் நாலைந்து பார்த்திருக்கிறேன். எனக்கு எல்லாம் ஒரே படம்தான். ஒரு குதிரை வண்டி மழைக்குள் வந்து நிற்கும். வழிப்போக்கன் ஒருவன் ஊர்ச் சாராயக்கடைக்குள் நுழைவான். அதுவரைக்கும் கலகலவென்று இருந்த கடை கப்சிப் என்று ஆகிவிடும். "அந்த மாளிகைக்குப் போகாதே" என்று யாரோ சொல்வார்கள். அவன் நேரே அங்கேதான் போவான். இரத்தம் எங்கள் ஊர்ச் சர்பத்தைவிடச் சிவப்பாக இருக்கும். பூதத்தின் முதுகில் வேட உடுப்பின் ஜிப் தெரியும். பூதம் கதவை உடைத்துக்கொண்டு வந்தாலும் இந்த இங்கிலாந்துக்காரர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழும்புவார்கள். இதையா ஒரு மனிதன் முப்பது வருஷமாகப் பார்க்கிறான் என்று கேட்டேன்.

அதற்கு அவர் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை.

"நான் வந்த முதல் குளிருக்கு நிலக்கீழ் அறையில இருந்தனான். பிரெஞ்சு விளங்காது. அமெரிக்கன் படம் போட்டால் வலு வேகம், அதுவும் விளங்காது. சனிக்கிழமை பின்னேரங்களில ஒரு சானல்ல உந்தப் படங்கள் போகும். அவை ஆறுதலாக் கதைப்பினம். எங்களுக்கு இங்கிலிஷ் படிப்பிச்ச பாதர் மாதிரி ஒவ்வொரு எழுத்தும் காதில விழும். அந்த வருஷம்தான் என்ரை அகதி விசாரணை. மூண்டு மணித்தியாலம் இருந்து எல்லாம் சொன்னன். என்ரை தம்பியைக் கொண்டுபோனது, நான் ஒளிச்சிருந்தது, எல்லாம். விசாரிச்ச மனுசன் பேனையை மூடி வைச்சிட்டு, நம்பக் கஷ்டமா இருக்கு எண்டார். அடுத்த சனிக்கிழமை ஒரு படம். ஒரு பொம்பிளைப்பிள்ளை ஓடிவந்து சொல்லுது, வீட்டில இருக்கிறது தன்ரை தமையன் இல்லையாம், அவன்ரை முகத்தோட வேற ஏதோ இருக்காம். பொலிஸ் நம்பேல்லை. சுவாமியார் நம்பேல்லை. ஒரு கிழட்டுப் புரபசர் மட்டும் கண்ணாடியைக் கழட்டி வைச்சிட்டு, 'இரு பிள்ளை, முதல்ல இருந்து சொல்லு' எண்டார். நான் விக்கி விக்கி அழுதனான், றொசானா. உந்தப் படம் எல்லாத்திலயும் அப்பிடி நம்புற ஆள் ஒராள் வருவார். எனக்கு அது காணும்."

இரண்டாம் முறை விசாரித்துத்தான் அவரை ஏற்றுக்கொண்டார்கள். நாலு வருஷம் கழித்து இமெல்டா அக்கா வந்து சேர்ந்தார். ஒரே மகள், சஜிதா. அக்கா ஒரு கார்டெரியில், அதுதான் சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற இடத்தில், சமையல் வேலை செய்தார். பிரெஞ்சை அந்தப் பிள்ளைகளிடம்தான் கற்றுக்கொண்டார். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாக வராது.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணைதான் மொழிபெயர்ப்பாளர். பூசை முடிந்து சாப்பிட்டுச் சற்றுச் சாய்ந்தெழும்பி, மூன்று மணிக்குப் படம். அக்கா உள்ளே இறைச்சி வைத்து ஓரம் மடித்த பற்றிஸ் பொரித்துத் தேநீரும் ஊற்றி வைப்பார். பயம் வந்தால் அண்ணையின் சுவெட்டர்க் கையை இழுத்துத் தன் கண்ணை மூடிக்கொள்வார். "இப்ப ஆர் உது? நல்லவனோ, கெட்டவனோ?" என்று துணிக்குள்ளிருந்து கேட்பார். "பொறும், பேந்து தெரியும்" என்பார் அண்ணை. முப்பது வருஷம் இப்படிப் பார்த்ததில் அந்தப் படங்களின் சட்டதிட்டம் எல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. சிலுவையைக் கண்டால் கெட்டது ஒதுங்கும். தீர்த்தம் பட்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு பின்னால் போகும். கடைசிக் காலத்தில் அண்ணைக்கு முன்னரே "உவன்தான்!" என்று கண்டுபிடித்துவிடுவார். அண்ணை அதைக் கோயிலில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன், தவக்காலம் தொடங்கி முதல் கிழமை, அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே வந்து, கதவைத் தானே பூட்டினார்.

"றொசானா, மேல இருக்கிறது என்ரை அவர் இல்லை."

நான் சிரித்துவிட்டேன். "ஏனக்கா, அண்ணைக்கு இந்த வயசில வேற ஆரும் கிடைச்சிட்டினமோ?"

அவர் சிரிக்கவில்லை. "முகம் அவரின்ரை முகம்தான். செருப்பும் அவரின்ரை செருப்புத்தான். ஆள் இல்லை. ஆரோ வந்து இருக்கினம்."

அன்றைக்கே நான் அவர் மகளுக்கு அழைத்துச் சொன்னேன்.

மகள் சஜிதா ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யிலிருந்து வந்து வைத்தியரிடம் கூட்டிப்போனாள். வைத்தியர் பிரெஞ்சில் சொன்னதை அவள் எங்களுக்குச் சொன்னாள். மூளை நோய்தான், மெல்ல மெல்ல வளருமாம். முகம் கண்ணுக்குத் தெரிகிறதாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தவுடன் வரவேண்டிய "இவர் எங்கட ஆள்" என்ற உணர்ச்சி வருவதில்லையாம். அதனால் மூளை தானாகவே, இது அவரைப்போல வேடம் போட்ட ஒருவர் என்று முடிவு கட்டிவிடுகிறதாம். மிக நெருங்கிய ஆளிடம்தான் இது நடக்குமாம். மற்றவர்களை எல்லாம் அக்காவுக்கு நன்றாகவே தெரிந்தது. என்னைத் தெரிந்தது. சஜிதாவைத் தெரிந்தது. தபால்காரனைக்கூடத் தெரிந்தது.

சஜிதா கலியாண ஆல்பத்தை எடுத்து விரித்தாள். "அம்மா, இஞ்ச பாருங்கோ. இதுதானே அப்பா. அங்க இருக்கிறதும் அப்பாதானே."

அக்கா ஆல்பத்தையும் அண்ணையையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லாத்தான் பார்த்துப் பழகியிருக்கிறான்" என்றார்.

அண்ணை கீழே இறங்கி என் வீட்டுக்கு வந்தார். "முப்பது வருஷம் நான் அந்தப் பிள்ளையின்ரை பக்கம் நிண்டு படம் பார்த்தனான், றொசானா. அவளை ஒருத்தரும் நம்புறேல்லையே எண்டு கத்தியிருக்கிறன். இப்ப அந்தப் பிள்ளை இவள். நான் மற்றது."

நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

தொலைபேசிச் சங்கதி தற்செயலாகத்தான் தெரியவந்தது. ஒருநாள் பால் வாங்க மூலைக் கடைக்குப் போன அண்ணை, முட்டையும் வேண்டுமா என்று கேட்க வீட்டுக்கு அழைத்தார். பழக்கதோஷம். அக்கா எடுத்தார். "இஞ்சருங்கோ! எங்க போயிட்டியள்? எத்தினை நாளாப் பார்த்துக்கொண்டிருக்கிறன். இஞ்ச ஒரு ஆள் நிண்டது, இப்பதான் வெளியில போகுது. அது வரமுன்னம் கெதியா வாங்கோ." அண்ணை அந்த மூலைக் கடையில் பால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். கடைக்காரன் பயந்துபோய்க் கதிரை கொண்டுவந்து வைத்தானாம்.

முகத்தைக் காணாமல் குரலை மட்டும் கேட்டால் அக்காவுக்குப் புருஷன் புருஷனாகவே இருந்தார். அந்தக் குரல் எதிரே நின்று பேசினால், "குரலையும் களவெடுத்திட்டான்" என்பார். இப்படி நடக்கும் என்று வைத்தியரும் சொன்னாராம்.

அதற்குப்பிறகு அண்ணை ஒரு வேலை செய்தார். ஒவ்வொரு நாளும் காலையில் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், உடுப்புத் தோய்க்கும் அறையில் நின்றுகொண்டு மேலே அழைப்பார். "இமெல்டா, நான் வேலையில நிக்கிறன். துறைமுகத்தில கப்பல் கூடிப்போச்சு, வர ஏலாமக் கிடக்கு. உமக்கு உதவிக்கு ஒரு ஆளை நான்தான் விட்டிருக்கிறன். நல்ல மனுசன். அவர் தாற மருந்துக் குளிசையைப் போடும். சாப்பாட்டைச் சாப்பிடும். பயப்பிடாதையும்." பிறகு மூன்று மாடி ஏறிப்போய், அந்த நல்ல மனுசனாகக் கதவைத் தட்டி உள்ளே போவார். தன் சொந்த வீட்டுக் கதவை.

அது வேலை செய்தது. எட்டு மாதம் வேலை செய்தது. அக்கா அவர் கொடுத்ததைச் சாப்பிட்டார், குளிசை போட்டார். "அந்த ஆள் பரவாயில்லை, உப்பு மட்டும் கூடப் போடுறார்" என்று என்னிடம் சொன்னார். ஞாயிறு மூன்று மணிக்குப் படமும் திரும்பத் தொடங்கியது. சோபாவின் அந்த முனையில் அக்கா, இந்த முனையில் அண்ணை, நடுவில் ஒரு தலையணை. இப்போது அக்காதான் கதை சொன்னார். "உவனை நம்பாதையும். உவன்தான் கெட்டவன். என்ரை அவர் எனக்கு எல்லாம் சொல்லித் தந்தவர்." அண்ணை ஒன்றும் தெரியாதவர்போல், "அப்பிடியோ?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒருமுறை அவரிடம் கேட்டேன், இப்படி எத்தனை நாளைக்கு என்று. "ஒரு நாளைக்கு இவள் நிமிந்து என்னைப் பார்த்து, 'நீங்கள் எப்ப வந்தனீங்கள்?' எண்டு கேக்கவேணும். ஒருக்காக் கேட்டாக் காணும். அதுவரைக்கும் நான் பக்கத்தில இருந்துகொண்டிருப்பன்" என்றார். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதைக் கெடுத்தது நான்.

எங்கள் செபக்குழுவில் யாருக்காவது வருத்தம் என்றால் சொல்லி மன்றாடுவது வழக்கம். நான் இமெல்டா அக்காவுக்காக மன்றாடச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "புருஷனைப் பார்த்து வேற ஆள் எண்டு சொல்லுறா" என்றும் சொன்னேன். குழுவை நடத்துகிற கிருபானந்தன் அண்ணை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நோய் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அடுத்த நாள் வீட்டைப் பார்க்க வந்தார். அலுமாரிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். "மடு மாதாவுக்குக் கீழ இதை அடுக்கி வைச்சிருக்கிறியள். இதுதான் வாசல். இதாலதான் வந்திருக்கு" என்றார்.

பத்திநாதர் அண்ணைக்கு விருப்பமே இல்லை. "இது வருத்தம், தம்பி. டொக்டர் சொன்னவர்" என்றார். நான்தான் பின்னாலே திரிந்து நச்சரித்தேன். செபம் செய்வதால் என்ன கெட்டுப்போகும், வந்தால் நன்மைதானே, அக்காவுக்காகச் செய்ய மாட்டீர்களா என்று கேட்டேன். கடைசியில் அவர் தலையாட்டினார். அவருக்கும் உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்திருக்கவேண்டும். மன்னார்க்காரன், மாதாவிடம் கேட்டு வளர்ந்தவன், கேட்டுத்தான் பார்ப்போமே என்று நினைத்திருப்பார். நான் அப்படித்தான் நினைத்து என்னைத் தேற்றிக்கொள்கிறேன்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் எட்டுப் பேர் போனோம். அக்காவை நடுவில் கதிரையில் இருத்தினோம். எல்லோரையும் தெரியும் என்பதால் அவருக்குச் சந்தோஷம். தேநீர் போடட்டோ என்று கேட்டார். பாட்டுப் படித்தோம். செபமாலை சொன்னோம். கிருபானந்தன் அண்ணை அக்காவின் தலையில் கை வைத்து, குரலை உயர்த்தினார். "தீய ஆவியே, இயேசுவின் நாமத்தில் உனக்குக் கட்டளையிடுகிறேன். இந்த வீட்டில் ஒளிந்திருக்கிற உன்னை எங்களுக்குத் தெரியும். வெளியே போ!"

நாங்கள் எல்லோரும் கண்ணை மூடியிருந்தோம். நான் இடையில் ஒருமுறை திறந்தேன். அக்கா ஒருவர்தான் கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தார். அவர் பார்த்தது கதவோரம் கைகட்டி நின்ற அண்ணையை. அக்காவின் முகத்தில் ஒரு ஆறுதல் பரவியதை நான் கண்டேன். இவ்வளவு நாளும் யாரும் நம்பவில்லை. இப்போது கோயிலே வந்து, ஓம், இந்த வீட்டில் ஒன்று ஒளிந்திருக்கிறது என்று சொல்கிறது. அவர் கையை நீட்டினார்.

"உவன்தான்! உவனைச் சொல்லுங்கோ! அங்க நிக்கிறான்!"

கிருபானந்தன் அண்ணை அது பிசாசு பேசுகிறது என்று எடுத்துக்கொண்டார். இன்னும் பலமாகச் செபித்து, போத்தலிலிருந்த தீர்த்தத்தை நாலா பக்கமும் வீசித் தெளித்தார். அதில் ஒரு கை நிறைய அண்ணையின் முகத்தில் விழுந்தது. கண்ணுக்குள் போயிருக்கவேண்டும். அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார். சுவரில் முட்டி நின்றார்.

யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஆனால் முப்பது வருஷம் ஞாயிறு தவறாமல் மூன்று மணிக்குப் படம் பார்த்த மனுசிக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. அந்த அர்த்தத்தைப் பக்கத்தில் இருந்து படிப்பித்தவரும் அண்ணையேதான். அக்கா வாய்விட்டு அலறிய சத்தம் தெருவரைக்கும் கேட்டதாம். கதிரையோடு சேர்ந்து விழுந்தார்.

அன்று இரவு அண்ணை தோய்க்கும் அறையிலிருந்து அழைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். மறுமுனையில் அக்கா அழுதுகொண்டிருந்தார். "நீங்கள் அனுப்பின ஆள் மனுசன் இல்லை. தீர்த்தம் பட்டுத் துடிச்சது. நான் என்ரை கண்ணால கண்டனான். எட்டுப் பேர் சாட்சி."

"இல்லை இமெல்டா, தண்ணி கண்ணுக்க போயிருக்கும்..."

"நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள், தீர்த்தம் பொய் சொல்லாது எண்டு."

அண்ணை தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு உடுப்பு மெஷினில் சாய்ந்துகொண்டார்.

கிருபானந்தன் அண்ணையிடம் நடந்ததைச் சொன்னேன். இன்னொருமுறை வந்து செபித்தால் சரியாகிவிடும் என்றார். அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துத் தள்ளவேண்டும்போல் இருந்தது. அவரைக் கூட்டிக்கொண்டு வந்தவளே நான்தான் என்பதால் பேசாமல் வந்துவிட்டேன். செபக்குழுவுக்குப் போவதை விட்டுவிட்டேன். அதனால் யாருக்கு என்ன லாபம்?

அதற்குப்பிறகு அக்கா அண்ணை கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. அறைக் கதவில் செபமாலையைக் கட்டித் தொங்கவிட்டார். அண்ணை சமைத்து என்னிடம் தருவார், நான் சமைத்தேன் என்று சொல்லிக் கொடுப்பேன். அப்படி ஒரு மாதம் ஓடியது. ஜனவரியில் நான் வேலைக்குப் போயிருந்த ஒரு காலை, அண்ணை குளியலறையிலிருந்த நேரம் பார்த்து, அக்கா வீட்டுச் செருப்போடு படியிறங்கிப் போய்விட்டார். ஜான் தலோன் வீதியில் பஸ் நிறுத்தத்தில் யாரோ கண்டு அம்புலன்ஸை அழைத்திருக்கிறார்கள். புருஷனைத் தேடித் துறைமுகத்துக்குப் போவதாகச் சொன்னாராம். இரண்டு கால்விரல்கள் குளிரில் உறைந்து கறுத்துப்போயிருந்தன. ஆஸ்பத்திரியில் இனி வீட்டுக்கு விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சஜிதாதான் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, "அப்பா, என்னில கோவிக்காதைங்கோ" என்று அழுதாள்.

இடம் கிடைத்தது மொன்றியல் தீவின் மேற்கு நுனியில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கம், முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில். மெட்ரோ, பிறகு பஸ், ஒன்றரை மணித்தியாலம். அண்ணை மூன்று தடவை உள்ளே போனார். முதல் தடவை அக்கா கத்தினார். இரண்டாம் தடவை கட்டிலுக்குக் கீழே ஒளிந்தார். மூன்றாம் தடவை ஓடப் பார்த்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். தலைமைத் தாதி நல்ல பெண். அவளே கண் கலங்கித்தான் அண்ணையிடம் கொஞ்ச நாளைக்கு வரவேண்டாம் என்று கேட்டாள். அவர் "மேர்சி" என்று நன்றி சொல்லிவிட்டு, மேலங்கிப் பொத்தானைப் பிழையாகப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாராம்.

கடந்த பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவரோடு போனேன். பற்றிஸ் செய்து கொண்டுவந்திருந்தார். இவ்வளவு நாள் பழகியும் அவருக்கு ஓரம் மடிக்க வரவில்லை. இல்லத்துக்குப் பின்புறம் ஒரு சின்னப் பூங்கா, இருக்கை வாங்குகளில் எல்லாம் பனி. "நீ போ. நான் இஞ்ச நிக்கிறன். மூண்டு மணிக்கு ரெலிபோன் எடுப்பன்" என்றார்.

மூன்றாம் மாடியில் ஜன்னலோரக் கதிரையில் அக்கா இருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. ஒரு பற்றிஸைக் கடித்துப் பார்த்தார். "ஆர் செய்தது? ஓரம் மடிக்கத் தெரியாத ஆள். உப்பும் கூட."

"ஆரோ கோயில்ல தந்தது, அக்கா" என்றேன்.

மூன்று மணிக்குத் தொலைபேசி அடித்தது. அக்காவின் முறிந்த கையில் கட்டு இருந்ததால் நான் எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தேன்.

"இமெல்டா, சாப்பிட்டீரோ?"

"இஞ்சருங்கோ!" அக்காவின் குரல் கலியாணப் பெண்ணின் குரலாக மாறியது. "எப்ப வாறியள்? அவன் இஞ்சயும் வந்திட்டான். ஆர் வழி காட்டினதோ தெரியாது. மூண்டு தரம் வந்தவன். எனக்கு நித்திரை இல்லை. கதவுச் சத்தம் கேட்டால் அவன்தான் எண்டு நெஞ்சு பதறுது. உங்களுக்கும் என்னை நம்ப விருப்பமில்லையோ?"

அந்தப் பக்கம் காற்று இரைவது மட்டும் கேட்டது.

"நம்புறன், இமெல்டா" என்றார் அண்ணை. "முதல்ல இருந்து சொல்லும்."

அக்கா முதலிலிருந்து சொன்னார். முகத்தைக் களவெடுத்தது, குரலைக் களவெடுத்தது, தீர்த்தம் பட்டுத் துடித்தது, எல்லாம். பத்து நிமிஷத்துக்கு மேல் பேசினார். அண்ணை ஒருமுறைகூடக் குறுக்கே பேசவில்லை. "ஓம்", "ஓம்" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீர் சொல்லுறது சரி. அவன் நான் இல்லை" என்றார் கடைசியில். "இனி அவன் வரமாட்டான். நான் அவனைப் பிடிச்சிட்டன்."

"படத்தில மாதிரியோ?"

"ஓம். படத்தில மாதிரித்தான்."

"செத்திட்டானோ?"

நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம் அண்ணை, பிறகு நீங்கள் ஒருநாளும் உள்ள வர ஏலாது என்று கத்த வாயெடுத்தேன். ஒன்றும் தங்காத என் வாய் அன்றைக்குத்தான் அடைத்துக்கொண்டது.

"ஓம், செத்திட்டான். இனி நீர் பயமில்லாமல் படும்."

அக்கா பெருமூச்சு விட்டார். தோள் இரண்டும் தளர்ந்து கீழே இறங்கின. வருத்தம் வந்த நாளிலிருந்து அவரை அப்படி நிம்மதியாக நான் பார்த்ததில்லை. "அப்ப நீங்கள் வாங்கோவன்" என்றார்.

"வாறன்."

"எப்ப?"

"பொறும், பேந்து வாறன்."

அக்கா சிரித்தார். தானே விரலை நீட்டித் தொலைபேசியை அணைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார். கீழே பூங்காவில், தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு, எங்களுக்கு முதுகு காட்டி ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார்.

"பாவம், ஆரோ வயசுபோன மனுசன். இந்தக் குளிருக்க நிக்குது. ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?"

"தெரியாது, அக்கா" என்றேன்.

"திரையை இழுத்து விடு, றொசானா. இடுக்கால குளிர் வருது. அவர் வாற நேரம் அறை சூடா இருக்கவேணும்."

இழுத்து விட்டேன். பிறகு கீழே இறங்கிப்போனேன். அண்ணையின் மீசையில் பனி பிடித்திருந்தது. தொலைபேசியை இன்னமும் காதில் வைத்துக்கொண்டு நின்றார். அக்கா அதை அணைத்து வெகுநேரமாகிவிட்டது என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது.